பங்குனி ஆமைக்கு ஒரு பருவம்: சென்னைக் கரையில் தன்னார்வலராக வேலை செய்யும் முறை

கடல் ஆமை வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் குஞ்சுகளைக் கையில் ஏந்தும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கரையில் இருப்பது வேறு வேலை: இரவெல்லாம் நடப்பது, பொரியும் கூட்டின் மேல் வைத்த கூடையைக் குறித்த நேரத்தில் பார்ப்பது, எண்களைப் பிழையில்லாமல் எழுதுவது, தொட வேண்டாத இடத்தில் தொடாமல் இருப்பது. ஆமை முட்டை மணிக்கணக்கில் நிலை மாறும் பொருள். இட்ட முதல் சில மணி நேரத்தில் எடுத்தால் பிழைக்கிற முட்டை, மறுநாள் காலையில் எடுத்தால் உள்ளேயே செத்துப்போகும். கூடைக்குள் வந்த குஞ்சை உடனே விட்டால் நீந்தும். விடியும்வரை வைத்திருந்தால் பாதி பலம் போய்விடும். இந்த வழிகாட்டியில் உள்ள பெரும்பாலான விதிகள் இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன.

எந்த ஆமை, எந்த மாதம்

சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது அநேகமாக எல்லாமே ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள். வளர்ந்த பெட்டையின் ஓடு 60 முதல் 70 செ.மீ. நீளம், எடை 35 முதல் 50 கிலோ. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இதே இனம் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறும். இங்கே அப்படி இல்லை. ஒன்றிரண்டாக, எந்த இரவில் எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி வரும். அதனால்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பருவம் ஜனவரியில் தொடங்கும், பிப்ரவரி, மார்ச்சில் உச்சம். முட்டையிடுவது மார்ச் இறுதியில் குறைந்துவிட்டாலும், பொரிப்பு வேலை மே மாதம்வரை இழுக்கும். ‘மார்ச்சோடு முடிந்தது’ என்று கிளம்பிவிடும் தன்னார்வலர்களால்தான், முட்டைகளைக் கொண்டுவந்து புதைத்துக் காக்கும் பொரிப்பகங்களில் ஏப்ரல் மாதம் ஆள் பற்றாக்குறை. உங்களிடம் ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் ஏப்ரலைக் கொடுங்கள்.

சென்னையில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்திலேயே இங்கு ஆமைக்காக இரவு நடை தொடங்கிவிட்டது. 1980களின் இறுதியில் அதை மாணவர்கள் கையிலெடுத்து, கடல் ஆமைகளுக்கான மாணவர் பாதுகாப்பு அமைப்பாக இன்றுவரை நடத்திவருகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் அவர்கள் நடக்கும் தூரம். ட்ரீ ஃபவுண்டேஷன் 2002 முதல் மீனவ இளைஞர்களையே காவலர்களாகப் பயிற்றுவித்து வேலை செய்கிறது. வனத்துறையும் தமிழகக் கரையின் பல மாவட்டங்களில் தானே பொரிப்பகங்கள் நடத்துகிறது.

சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

நம் கடலில் காணப்படும் கடல் ஆமைகள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆமையையோ முட்டையையோ குஞ்சையோ அனுமதியின்றி எடுப்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது விலக்கு ஆகாது. ஆகவே நீங்கள் சேரும் குழு வனத்துறை அனுமதியோடு வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் குழுவில் சேர வேண்டாம்.

இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். சென்ற பருவத்தின் கூடுவாரிக் கணக்கு எழுத்தில் இருக்கிறதா? பொரித்த குஞ்சுகளை எவ்வளவு நேரத்தில் விடுகிறீர்கள்? அந்தக் கரையின் மீனவக் குப்பத்து ஆட்கள் குழுவில் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள்? ‘குஞ்சுகளைக் காலை எட்டு மணிக்குப் பார்வையாளர்கள் முன்னால் விடுவோம்’ என்று இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால், அது பாதுகாப்பு வேலை அல்ல, காட்சி.

வார இறுதி நடைகள் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும். முதலில் ஓரிரு தடவை அப்படி நடந்து பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் தொடங்கி விடியற்காலை நான்கு, ஐந்து மணிவரை மணலில் நடக்கும் உடம்பு உங்களுக்கு இருக்கிறதா, மறுநாள் வேலையோ வகுப்போ அதைத் தாங்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு வாரத்தில் இன்ன இரவு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பத்து இரவு வருவேன் என்று சொல்லி மூன்றோடு நிற்பவரைவிட, ஒரே இரவை ஒப்புக்கொண்டு தவறாமல் வருபவரையே குழு நம்பும்.

கையோடு கொண்டுபோவது

கருநீலம், கறுப்பு, அடர் பச்சை போன்ற இருண்ட நிற உடை. மூடிய செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. வெறுங்கால் நடை வேண்டாம், உடைந்த பாட்டிலும் ஊசியும் கரையில் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர். சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டிய சிறு டார்ச். செல்போனின் வெளிச்சத்தைக் குறைத்து, தானியங்கி ஃபிளாஷை அணைத்து வையுங்கள்.

கொசுவுக்கு ஓடோமாஸ் தடவிக்கொள்வதாக இருந்தால் காலில் மட்டும் தடவுங்கள், அல்லது முட்டையைத் தொடும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். முட்டையின் ஓடு தோல் போன்றது, காற்றும் ஈரமும் அதன் வழியே போய்வரும். கையிலுள்ள களிம்பு அதில் ஒட்டக் கூடாது. நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள்.

நடக்கும் விதம்

நீலாங்கரையிலிருந்து வடக்கே பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் கடந்து பெசன்ட் நகர் போகும் நடையில் குழு சிதறாமல், ஆனால் கும்பலாகவும் இல்லாமல் போக வேண்டும். முன்னால் இரண்டு அனுபவசாலிகள். மற்றவர்கள் இருபது முப்பது அடி பின்னால். அலை வந்து நனைத்த கோட்டுக்குச் சற்று மேலே, காய்ந்த மணலும் ஈர மணலும் சேரும் இடத்தை ஒட்டி நடப்பது வழக்கம். அதற்குக் கீழே உள்ள தடத்தை அலை அழித்துவிடும். மேட்டில் நடந்தால் தடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

டார்ச் அணைந்திருக்கட்டும். நகரத்து வானமே தடம் பார்க்கப் போதுமான வெளிச்சம் தரும், கண் பழக இருபது நிமிடம் ஆகும். ஒருவர் ஒருமுறை வெள்ளை டார்ச் அடித்தால் எல்லோருக்கும் அந்த இருபது நிமிடம் திரும்பத் தொடங்கும். அதைவிட முக்கியம், ஏறிக்கொண்டிருக்கும் ஆமை வெளிச்சத்தையும் அசைவையும் கண்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும்.

நாய்கள் குரைத்தால் ஓடக் கூடாது, கல்லும் எடுக்கக் கூடாது. நின்று, பேசாமல், ஒன்றாக நகருங்கள். கொட்டிவாக்கம், திருவான்மியூர்ப் பகுதிகளில் கடைகளின் கழிவால் நாய்க் கூட்டம் எப்போதும் இருக்கும். கூடுகளுக்கும் குஞ்சுகளுக்கும் இப்போதைய பெரிய ஆபத்தும் அவையே.

தடத்தைப் படிப்பது

பங்குனி ஆமையின் தடம் ஏறக்குறைய இரண்டரை அடி அகலம். முன்துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகர்வதால் இரு பக்கக் குறிகளும் நேருக்கு நேர் இருக்காது, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். இரு பக்கமும் நேருக்கு நேராக, அகலமும் அதிகமாக இருந்தால் அது பேராமையாக இருக்கலாம். அரிது, குழுத் தலைவரை எழுப்பிச் சொல்ல வேண்டிய செய்தி.

புதியவர்களை ஏமாற்றுவது படகு இழுத்த தடமும் வண்டிச் சக்கரத் தடமும். படகுத் தடத்தில் நடுவில் வழவழப்பான பள்ளம் இருக்கும், இரு புறமும் ஆட்களின் காலடி இருக்கும். ஆமைத் தடத்தில் காலடி இருக்காது, ஓரங்களில் துடுப்பு தள்ளிய மணல் சிறு சிறு குவியலாக இருக்கும். அந்த மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஆமை நகர்ந்திருக்கிறது. ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டும் குறுக்கிட்டால் மேலே உள்ளது இறங்கிய தடம்.

ஒற்றைத் தடம் மட்டும் தெரிந்தால் நில்லுங்கள். ஆமை இன்னும் மேலே இருக்கிறது. இரண்டு தடமும் இருந்து, நடுவில் மணல் கலைந்த இடமே இல்லாமல் வளைந்து திரும்பியிருந்தால் அது பொய் ஏற்றம், அதாவது ஆமை முட்டையிடாமலேயே திரும்பியிருக்கிறது. அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரே இடத்தில் பொய் ஏற்றம் பல பதிவானால் அங்கே ஏதோ ஒரு விளக்கோ வேலியோ தடை செய்கிறது என்று பொருள்.

ஆமை கரையில் இருக்கும்போது

எல்லோரும் உட்கார்ந்துவிடுங்கள். ஆமையின் முன்பக்கம் யாரும் போகக் கூடாது. கடலுக்கும் அதற்கும் நடுவிலும் நிற்கக் கூடாது. உடல் கிடக்கும் அளவுக்கு மேல்மணலை ஒதுக்கி, பின்துடுப்புகளால் குழி தோண்டும்வரை சின்னச் சத்தத்துக்கும் அது கிளம்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பின் பெரும்பாலும் எழுந்து போகாது. அப்போதுதான் தலைவர் பின்புறமாகப் போய் ஓட்டின் வளைவு நீளத்தை அளப்பார். மற்றவர்கள் பின்னாலிருந்து இரண்டிரண்டு பேராகப் பார்க்கலாம்.

கண்ணிலிருந்து வழியும் நீரைப் பார்த்துப் பிரசவ வேதனை என்று யாராவது உருகுவார்கள். உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி அது, கடலுக்குள்ளும் அப்படித்தான் வழியும்.

முட்டையிட்டதும் மணலைத் தள்ளி மூடி, அடிவயிற்றால் இடம் வலமாக மாறி மாறித் தட்டி இறுக்கும். மொத்தமும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அது கடலில் இறங்கி மறையும்வரை யாரும் கூட்டை நோக்கிப் போகக் கூடாது.

முட்டைகளை மாற்றுவது

கூட்டை இருந்த இடத்திலேயே விடுவதுதான் உலகெங்கும் முதல் விதி. சென்னையில் விளக்கு, நாய், கூட்டம், அரிப்பு எல்லாம் சேர்ந்து அதற்கு இடம் தராததால்தான் பொரிப்பகம். இந்த வேலையை முதல் பருவத்தில் நீங்கள் செய்யப் போவதில்லை. பை பிடிப்பீர்கள், எண்ணுவீர்கள், எழுதுவீர்கள். ஆனாலும் ஒவ்வொரு படியின் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1. கண்டுபிடித்த நேரத்தை உடனே எழுதுங்கள். முட்டையிடப்பட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் புதிய குழிக்குப் போய்ச் சேர்வது குறிக்கோள். ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடுவதில்லை. கரு முட்டையின் மேல்பக்கத்தில் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின் முட்டை உருண்டால் அந்த ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முட்டை நன்றாகவே இருக்கும்; ஐம்பது நாள் கழித்துத்தான் தெரியும்.

2. கலைந்த மணல் வட்டத்துக்குள் மழுங்கிய முனையுள்ள குச்சியால் மெதுவாக, கையின் எடையால் மட்டும் ஊன்றிப் பார்ப்பார்கள். சுற்றியுள்ள இறுகிய மணலில் குச்சி நிற்கும். குழியின் வாய்க்கு மேலே சட்டென்று இறங்கும். இறங்கிய உணர்வு வந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னொரு அங்குலம் போனால் முட்டை உடையும், உடைந்த ஒன்று எறும்பை மொத்தக் கூட்டுக்கும் அழைத்துவரும். பயிற்சி இல்லாதவர் கையில் குச்சி கொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

3. கையால் மட்டும் தோண்டுங்கள். முதல் முட்டை தெரிந்ததும் மேற்பரப்பிலிருந்து அதன் ஆழத்தை அளந்து எழுதுங்கள். கூட்டுக்குள் இருந்த ஈர மணலைத் தனியாக வையுங்கள், அது புதிய குழிக்குப் போக வேண்டும்.

4. துணிப்பையின் அடியில் இரண்டு அங்குலம் ஈர மணல். முட்டைகளை ஒவ்வொன்றாக, எடுத்த நிலையிலேயே, உருட்டாமல் வையுங்கள். பத்துப் பத்தாக உரக்க எண்ணுங்கள். வைப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். ஒரு கூட்டில் சாதாரணமாக 100 முதல் 120 முட்டை இருக்கும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, உள்ளே வெப்பமும் வியர்வையும் சேரும்.

5. காலியான குழியின் மொத்த ஆழம், வாய் அகலம், அடி அகலம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். பங்குனி ஆமைக்கு ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. அருகில் இருக்கும். பிறகு குழியை மூடித் தடத்தைக் கலைத்துவிடுங்கள், அடுத்து வரும் குழு அதையே மறுபடி தோண்டாமல் இருக்கும்.

6. பையை இரு கையாலும் தாங்கிப் பிடித்து நடந்து கொண்டுபோங்கள். தோளில் தொங்கவிட்டால் ஆடும். பைக்கில் கொண்டுபோகவே வேண்டாம்.

காலை நடையில், சூரியன் ஏறிய பிறகு பழைய கூடு ஒன்று அகப்பட்டால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வனத்துறைக்கும் தலைவருக்கும் சொல்லிவிட்டு, அங்கேயே வலை அடித்துக் காக்க முடியுமா என்று பாருங்கள். முட்டை இட்டு ஒரு நாள் ஆன கூட்டை மாற்றுவதைவிட அலை தொடாத இடத்தில் காவல் போடுவது மேல்.

பொரிப்பகம்

இடம் தேர்வதில்தான் பருவத்தின் பாதி வெற்றி. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்திலும் அலை தொடாத மேடு வேண்டும். அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த இடம் பெரும்பாலும் அலைக்கு மேலே இருக்கும், ஆனால் அவற்றின் வேர் முட்டைக்குள் புகுந்துவிடும். ஆகவே கொடிக்கு அருகில், கொடி இல்லாத மணலில் அமையுங்கள். சென்ற ஆண்டு பொரிப்பகம் இருந்த அதே மணல் வேண்டாம். அழுகிய முட்டைகளின் பூஞ்சையும் கிருமியும் அதில் தங்கியிருக்கும். சில மீட்டர் தள்ளிப் போட இடம் இல்லாவிட்டால் இரண்டடி ஆழத்துக்கு மணலை மாற்றுங்கள்.

கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி. நூறு கூடுகளுக்கு நூறு சதுர மீட்டர், நடைபாதை தனி. இடம் பற்றாமல் நெருக்கிப் போட்டால் இரண்டு தொல்லை: வளரும் கருக்களின் வெப்பம் பக்கத்துக் கூட்டையும் சூடாக்கும், ஒரு கூட்டைத் தோண்டும்போது அடுத்தது இடியும். சுற்றிலும் சவுக்குக் கழி நட்டு, வலையை மணலுக்குள் ஓரடி புதையும்படி கட்டுங்கள். நாய் மேலே தாண்டுவதைவிடக் கீழே பறிப்பதுதான் அதிகம்.

புதிய குழி பழைய குழியின் அளவிலேயே, கழுத்து குறுகி அடி அகன்ற குடம் போல இருக்க வேண்டும். நேரான குழாய் போலத் தோண்டினால் முட்டைகள் உயரமாக அடுக்கி, மேலே உள்ளவை தரைச் சூட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். முட்டை கீழே விழாமல் கையைக் குழியின் அடிவரை விட்டு வைக்க வேண்டும். வைத்தபின் பழைய கூட்டின் ஈர மணல், அதன் மேல் குழி தோண்டியபோது வந்த ஈர மணல், கடைசியாக மேலே இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த மணல். காலால் மிதித்து இறுக்காதீர்கள். மணல் துகள்களுக்கு நடுவில் காற்று இருந்தால்தான் முட்டை மூச்சுவிடும்.

ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பலகை: கூட்டு எண், எடுத்த இடம், முட்டையிட்ட தேதி, எடுத்த நேரம், புதைத்த நேரம், முட்டை எண்ணிக்கை. அதே விவரம் பேரேட்டில். பலகை மழையில் அழியும், பேரேடு மிஞ்சும்.

இனி வெப்பம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டைக்குள் உள்ள மரபு தீர்மானிப்பதில்லை, பொரிப்புக் காலத்தின் நடு மூன்றிலொரு பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே பெட்டைகள் கூடும், கீழே ஆண்கள் கூடும். 34, 35ஐ நெருங்கி நீடித்தால் கருக்கள் சாகத் தொடங்கும். எனவே 45 செ.மீ. ஆழத்தில் வெப்பமானி வைத்து, தினம் ஒரே நேரங்களில் எழுதுங்கள். ஏப்ரல் வெயிலில் பொரிப்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் நிழல்வலை கட்டுவது வழக்கம். பருவத் தொடக்கத்திலேயே முழுவதையும் மூடினால் மணல் குளிர்ந்து பொரிப்பு நாள் நீளும், ஆண் பெண் விகிதமும் மாறும். சூடாக இருக்கிறது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. நீர் இறங்கிக் காற்றுவழியை அடைத்தால் முட்டைகள் மூச்சுத்திணறிப் போகும்.

பொரிப்புக்கு 45 முதல் 60 நாள். வெயில் ஏற ஏற நாள் குறையும். பிப்ரவரிக் கூடு எடுக்கும் நாளைவிட மார்ச் கூடு சீக்கிரம் பொரியும். நாற்பதாம் நாள் ஒவ்வொரு கூட்டின் மேலும் அடியில்லாத மூங்கில் கூடையையோ வலை வளையத்தையோ இரண்டு மூன்று அங்குலம் மணலில் புதைத்து வையுங்கள். அதற்கு முன் வைத்தால் நிழல் விழுந்து வெப்பம் மாறும். பின்னால் வைத்தால் ஓரிரவில் நூறு குஞ்சு எந்தக் கூட்டுடையது என்றே தெரியாமல் கலந்துவிடும்.

இரவு முறை

பொரிப்பகத்து இரவுக் காவல் சலிப்பான வேலை. ஆனால் இங்கே தூங்கினால் குஞ்சு சாகும். மணல் குளிர்ந்ததும் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும். பெரும்பாலும் முன்னிரவிலிருந்து விடியற்காலைக்குள். வருவதற்கு முன் கூட்டின் மேல் மணல் சற்றே உள்வாங்கிக் குழியும். அந்தக் குழிவைக் கண்டால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மற்ற கூடைகளை அரைமணிக்கு ஒருமுறை. வெளிவந்த குஞ்சு நிற்காமல் துடுப்பு அடித்துக்கொண்டே இருக்கும். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருதான் முதல் சில நாள் நீந்துவதற்கான எரிபொருள்; கூடைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தால் அது அங்கேயே தீர்ந்துபோகும். எறும்பு வந்தால் மருந்து தெளிக்கக் கூடாது, குஞ்சுகளை உடனே அப்புறப்படுத்தி, கூடையைத் தூக்கி எறும்புப் புற்றின் வழியை மணலால் கலையுங்கள்.

குஞ்சு விடுதல்

ஈர மணல் பரப்பிய வாளியில் எண்ணிக்கொண்டே எடுங்கள். தண்ணீரில் போடாதீர்கள், நீந்தத் தொடங்கிவிடும். அலையிலிருந்து ஐந்து முதல் பத்து மீட்டர் மேலே மணலில் விடுங்கள், அவை தாமாக ஊர்ந்து போகட்டும். ஊர்ந்து போகும் அந்தத் தூரம் தசைக்கும் திசை உணர்வுக்கும் வேண்டும் என்பதால் கடலில் எறிவதோ கையால் அலையில் விடுவதோ கிடையாது. ஒவ்வொரு தடவையும் விடும் இடத்தை நூறு மீட்டராவது மாற்றுங்கள். ஒரே இடத்தில் விட்டால் கரைமீன்கள் அங்கே வந்து காத்திருக்கப் பழகிவிடும்.

குஞ்சு இயல்பாகப் போவது வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி. இயற்கைக் கரையில் அது கடல். சென்னையில் அது சாலை. அதனால் ஒருவர் முழங்கால் ஆழத்தில் நின்று டார்ச்சைத் தாழ்த்திக் காட்டுவார், மற்ற எல்லா விளக்கும் அணைந்திருக்கும். பார்வையாளர்கள் ஒரு கயிற்றுக்குப் பின்னால். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, நகர வேண்டியிருந்தால் தேய்த்து நகருங்கள். இருட்டில் மிதிபட்டுச் சாகும் குஞ்சுகள் உண்டு. சிறப்பு விருந்தினர் வரும்வரை வாளியை வைத்திருக்கச் சொல்வார்கள். வைத்திருக்காதீர்கள். அடுத்த கூடு பொரியும்போது அவர் வரட்டும்.

தோண்டிக் கணக்கு எடுப்பது

பெரும் கூட்டம் வெளிவந்து 24 முதல் 48 மணி நேரம் கழித்துக் கூட்டைத் தோண்டுங்கள். பாதிக்கு மேல் முழுதாக உள்ள ஓடுகளை மட்டும் எண்ண வேண்டும், சிதறிய துண்டுகளை எண்ணினால் கணக்கு ஏறிவிடும். பொரியாத முட்டை, ஓட்டைக் கொத்தித் திறந்தும் வெளிவராமல் செத்தது, கூட்டுக்குள் உயிரோடு உள்ளது, செத்தது எனத் தனித்தனியே எழுதுங்கள். 112 முட்டை வைத்த கூட்டில் 96 ஓடு இருந்தால் பொரிப்பு விகிதம் 85.7 சதவீதம். அதே கூட்டில் உள்ளே இரண்டு உயிரோடும் நான்கு செத்தும் கிடந்தால் தானாக வெளியேறியவை 90, அதாவது 80.4 சதவீதம். இரண்டையும் எழுத வேண்டும்.

பொரியாத முட்டைகளைத் திறந்து பார்த்தால் தவறு எங்கே என்று ஓரளவு தெரியும். கருவே தெரியாதவை அதிகம் என்றால் கருவுறாதவையாகவோ, எடுத்துவரும்போது ஆரம்பத்திலேயே செத்தவையாகவோ இருக்கலாம். எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். முழுதாக வளர்ந்து செத்தவை அதிகம் என்றால் கடைசி வாரங்களின் சூட்டையும் ஈரத்தையும் பாருங்கள். மோசமான எண்ணைப் பேரேட்டில் அழகுபடுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அடுத்த ஆண்டும் அதே தவறு நடக்க அதுவே வழி.

செத்து ஒதுங்கும் ஆமைகள்

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கரைக்கு அருகில் இழுவை மடி எனும் இழுத்துச் செல்லும் வலை போடும் விசைப்படகுகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆமைக்கு நுரையீரல் மூச்சு. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். வலையில் ஆமை வெளியேறும் கதவு பொருத்துவதும் கரையோர எல்லையில் விசைப்படகு தொழில் செய்யாமல் இருப்பதும் அதற்கு மருந்து.

உங்கள் வேலை பதிவு. இடம், தேதி, ஓட்டின் வளைவு நீளம், வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வளர்ந்த ஆண் என்ற குறிப்பு, விசிறிவெட்டு (படகு விசிறி வெட்டிய காயம்), வலைக்காயம், கண் துருத்தல், படம். ஓட்டில் வண்ணம் பூசி எண் போடுங்கள். ஒரே ஆமையை இரண்டு குழு எண்ணுவது அப்படித்தான் தவிரும். உடலை அறுத்துப் பார்ப்பது கால்நடை மருத்துவர் வேலை, புதைப்பது வனத்துறை சொன்னபின்.

உயிரோடு ஒதுங்கினால் உடனே கடலுக்குள் தள்ளாதீர்கள். களைத்த ஆமை மூழ்கிவிடும். மல்லாக்கப் போடக் கூடாது. நிழலில் வைத்து, மூக்கை விட்டுவிட்டு ஈரத் துணி போர்த்துங்கள். வலையில் மாட்டி வந்ததாகத் தோன்றினால் பின்பக்கத்தை ஓரடிக்குக் குறைவாக உயர்த்தி வைக்க, நுரையீரல் நீர் வடியும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள்.

குப்பத்தோடு பழகுவது

கரை உங்களுடையது அல்ல, குப்பத்துடையது. பருவம் தொடங்குமுன் தலைவரோடு போய் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். காயும் வலையைத் தாண்டாதீர்கள், படகில் உட்காராதீர்கள். வெக்கைக் காலத்தில் ஆட்கள் மணலில் படுத்திருப்பார்கள், அவர்கள் முகத்தில் டார்ச் அடிப்பது ஒரு பருவத்து நட்பைக் கெடுக்கும். மீனவர்கள்தான் ஆமையைக் கொல்கிறார்கள் என்ற பேச்சோடு வராதீர்கள். சிறு பைபர் படகில் போய்வருபவருக்கும் விசைப்படகு முதலாளிக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பேசினால் உங்கள் வாயை அங்கேயே அடைத்துவிடுவார்கள், அது சரிதான். மாட்டிய ஆமையை விடுவிக்க அறுக்கும் வலை மீனவருடைய காசு.

அதே சமயம், எந்தப் பக்கம் ஆமை மிதக்கிறது, எந்தத் துண்டில் கரை அரிக்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ‘அண்ணா, ராத்திரி ஏதாவது பாத்தீங்களா?’ என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். சம்பளக் காவல் வேலைக்குக் குப்பத்து இளைஞர்களை முதலில் எடுக்கச் சொல்லிக் குழுவிடம் வாதாடுங்கள். தன்னார்வலர் படிப்பு முடிந்து போய்விடுவார், குப்பத்து இளைஞர் அங்கேயே இருப்பார்.

கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கடற்கரை வீடுகளிலும் உணவகங்களிலும் பருவத்தில் இரவு பதினொன்றிலிருந்து ஐந்துவரை கடல்பக்க விளக்கை அணைக்கக் கேட்கலாம். மறுத்தால் விளக்குக்கு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பவும், வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் சிவப்பு நிற பல்பு போடவும் கேளுங்கள்.

கடைசிக் கூடு பொரிந்த பிறகு

மே மாதம் ஆள் குறைந்திருக்கும்போது செய்ய வேண்டியது: எல்லாக் கூடுகளும் தோண்டப்பட்டனவா என்று பேரேட்டோடு சரிபார்த்து, அழுகிய முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள். மணலைக் கிளறி வெயிலில் காயவிடுங்கள். சவுக்குக் கழி, கூடை, பலகைகளைக் குப்பத்திலேயே ஒரு வீட்டில் வைக்கக் கேளுங்கள். நைலான் வலையைத் துண்டுகூட விடாமல் சுருட்டி எடுங்கள். மணலில் விட்ட வலை மழையில் கடலுக்குப் போய் ஆமைக்கே கண்ணியாகும். பேரேட்டின் நகல் ஒன்று வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று குழுவுக்கு, ஒன்று அடுத்த பருவம் வருகிறவருக்கு.